அரவம் கேட்டது

அந்த நகரத்தில் அவள் குரலைக் கேட்காதவர்கள் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ‘கதவு திறக்கிறது.’ ‘கதவு மூடுகிறது.’ ‘எடை கூடுதலாக உள்ளது, தயவுசெய்து ஒருவர் இறங்கவும்.’ மருத்துவமனை, வரி அலுவலகம், அடுக்குமாடிக் குடியிருப்பு என்று எங்கெல்லாம் லிஃப்ட் இருந்ததோ அங்கெல்லாம் அவள் பதிவுக் குரலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். தெரிந்தவர்கள் லிஃப்ட் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்தாள்.

கணவர் பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறையில் ஒரு நீள மேசை. அதன் மேல் தெருவில் பாதிப் பேருடைய வாய்கள், வெள்ளை மாவு அச்சுகளாக, வரிசையாகத் திறந்து கிடக்கும். “ஊரையே மேல ஏத்துவா, என்னை மட்டும் இறக்கிடுவா” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்வார். அவர்கள் வாயில் மெழுகு இருப்பதால் சிரிக்க முடியாது. அவரே சிரித்துக்கொள்வார்.

லிஃப்டுக்கு முன்னால் அவள் ஒரு பெரிய துணிக்கடையில் ஒலிபெருக்கி அறையில் இருந்தாள். தள்ளுபடி, கார் எண், காணாமல் போன குழந்தை. ஒரு நாள் நீலச் சட்டை போட்ட பையன் ஒருவனை அவள் மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அறிவித்தாள். வெகுநேரம் கழித்துத்தான் தாய் வந்தாள். பையனை வாரி எடுத்துக்கொண்டு நன்றி சொல்வாள் என்று பார்த்தால், “எல்லா தடவையும் கேட்டேம்மா. அவ்வளவு நிதானமா சொன்னா அது என் குழந்தைன்னு எனக்கு எப்படித் தெரியும்?” என்று திட்டினாள்.

திட்டியது நியாயம்தான் என்று அவளுக்குப் பட்டது. அன்றிலிருந்து ஓர் ஆசை. அறிவிக்கிற குரலாக இல்லாமல், யாரோ ஒருத்தியின் குரலாக ஒரு முறையாவது பேசிவிட வேண்டும். யாருடையது என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

ஒலிப்பதிவுக் கூடம் ஒரு மரக்கிடங்கின் மாடியில் இருந்தது. அதை நடத்தியவள் முப்பது வயதுக்காரி. கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கியதால் அதுவே பெயராகிவிட்டது. அங்கே லிஃப்ட் அக்கா பல வருடங்களாக எரிவாயு உருளைப் பாதுகாப்பு, வரிச்சலுகை விதிகள் என்று படித்துக்கொடுத்தாள். அறையின் பழக்கங்கள் அவளுக்கு உடம்போடு ஒட்டியிருந்தன. வளையலைக் கழற்றி வெளியே வைப்பாள். சரசரக்காத பருத்திப் புடவைதான் கட்டுவாள். மைக்குக்குப் பசியும் கேட்கும் என்பதால் உள்ளே போகுமுன் இரண்டு பிஸ்கட் தின்பாள். பதிவு நடக்கும்போது குளிர்சாதனத்தை நிறுத்திவிடுவார்கள். வியர்வை துடைக்க மடியில் ஒரு துண்டு இருக்கும்.

குரல் தட்டையாகிவிட்டால் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹெட்போன் விரலை மேலே காட்டுவாள். லிஃப்ட் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

வாய்ப்பு ஏழு தொகுதிக்காரர் வழியாக வந்தது. மாயக்கதை எழுதுகிறவர்களில் அவரை அறியாதவர் இல்லை. ஏழு தடித் தொகுதிகள், ஒன்றின்மேல் ஒன்று அடுக்கினால் உட்காரலாம். அதில் ஏழு வாசல்கள், ஒவ்வொரு வாசலிலும் ஒரு பாம்பு, ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு கேள்வி. தப்பாகப் பதில் சொன்னவன் நிலைச்சட்டமாகிவிடுவான். பாம்புகளுக்குக் குலம் உண்டு, சட்டம் உண்டு, பங்காளிச் சண்டை உண்டு. வாசகர்கள் பாம்பின் பாட்டி பெயரைக்கூடச் சொல்வார்கள். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தக் கேட்கும் பாம்பை இன்னும் எங்கெங்கோ கொண்டுபோனார்கள். ஒருவர் கதையில் அது சுங்கச்சாவடியில் உட்கார்ந்திருந்தது. இன்னொருத்தி அதைக் கைபேசிக்குள் வைத்தாள். சட்டைகளில், விளையாட்டுச் சீட்டுகளில், பள்ளிக்கூடப் பைகளில் எல்லாம் அது தலையைத் தூக்கிக் கேட்டுக்கொண்டிருந்தது.

இந்தப் பாம்பு தன்னுடையது அல்ல என்று ஏழு தொகுதிக்காரர் எப்போதும் சொல்லிவந்தார். அவர் சிறுவயதில் படித்த ஒரு மெல்லிய புத்தகத்திலிருந்து வந்தது அது. அதை எழுதியவர் ஏதோ கப்பல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்த ஒரு புத்தகத்தோடு நிறுத்திக்கொண்டு செத்தும் போனார். படம் கிடையாது, பேட்டி கிடையாது. ஏழு தொகுதிகள் புகழடைந்த பிறகு அந்தப் பழைய புத்தகத்தின் புதிய பதிப்புகளின் அட்டையிலும் பாம்பு ஏறிக்கொண்டது.

அந்தப் பழைய புத்தகத்தை முதலில் ஒலிநூலாக்க வேண்டும், முன்னால் தன் கட்டுரை ஒன்றைத் தானே படித்துச் சேர்க்க வேண்டும் என்று ஏழு தொகுதிக்காரர் விரும்பினார். ‘பழைய மாயக்கதைக்காரர்களும் புதியவர்களும்’ என்பது கட்டுரையின் தலைப்பு. பதிவு பிடித்திருந்தால் ஏழு தொகுதிகளும் அதே குரலுக்கு. லிஃப்ட் அக்காவைச் சொன்னது ஹெட்போன்தான்.

“அக்கா, ஏழு தொகுதி. கெழவி, பேய், ராஜா, பாம்பு, எல்லாத்துக்கும் நீங்க. லிஃப்டை மறந்துடுங்க” என்றாள்.

“எனக்குப் புதுசு எதுவும் படிச்சுப் பழக்கமில்லையே. அந்தப் பழசுதான் தெரியும்.”

“எனக்குப் பழசு தெரியாது. புதுசு மொத்தமும் தெரியும். சரியாப் போச்சு.”

பழைய புத்தகம் லிஃப்ட் அக்காவுக்குத் தெரியும் என்பதைவிட, காதில் இருந்தது என்பது சரி. சின்ன வயதில் அம்மை போட்டிருந்தபோது அண்ணன் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து படித்துக்காட்டியது. முதல் அத்தியாயத்தின் கடைசியில் வரும் பாம்புக்கு அவன் நாக்கைப் பல்லில் வைத்து ஒரு சீறல் கொடுப்பான். அவள் போர்வைக்குள் போய்விடுவாள்.

ஒலிநூலுக்குப் படிக்க அவள் தனக்கென்று ஒரு முறை வகுத்துக்கொண்டாள். பெட்டி நிறையக் கலர் பென்சில். புத்தகத்தில் பேசுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம். படகுக்காரன் நீலம், கிணற்றடிக் கிழவி பழுப்பு, நிழல் இல்லாத ராஜா சிவப்பு. யார் பேசுகிறாரோ அந்த வரிக்குக் கீழே அந்த நிறத்தில் கோடு. படிக்கும்போது கண் கோட்டைப் பார்த்ததும் தொண்டை தானாக மாறிக்கொள்ளும். கதையின் நாயகிக்குப் பெயர் இல்லை, அவள் என்று மட்டும்தான் வரும். அவளுக்குப் பச்சை ஒதுக்கினாள். பாம்புக்குக் கறுப்பு.

பல் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து முழுப் புத்தகத்துக்கும் கோடு போட்டாள். வாய்விட்டுப் படித்தும் பார்த்தாள். கணவர் ஒரு மேல்வரிசையைத் தேய்த்துக்கொண்டே, “நல்ல கூட்டம் உனக்கு. எல்லாரும் வாயைத் தொறந்துகிட்டுக் கேக்கறாங்க” என்றார்.

முதல் நாள் பதிவு. முதல் அத்தியாயம் சுகமாகப் போயிற்று. பெயரில்லாத அந்தப் பெண் பாத்திரம் கழுவுகிறாள், துணி மடிக்கிறாள், தூங்கப்போகிறாள். கடைசிப் பத்தி இப்படி இருந்தது:

‘விளக்கை அணைத்தாள். வாசலில் அரவம் கேட்டது.

“நீ யார்?”

பதில் வரவில்லை. கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. மறுநாள் அவள் அந்த வீட்டை விட்டுப் போனாள்.’

லிஃப்ட் அக்கா கறுப்புக் கோட்டைப் பார்த்தாள். நாக்கைப் பல்லில் வைத்து, அண்ணன் கொடுத்த அதே சீறலோடு கேட்டாள்: “நீ… யார்…?”

ஹெட்போன் பதிவை நிறுத்தினாள்.

“என்ன, லிஃப்ட் வந்துடுச்சா?”

“இல்லக்கா, பாம்பு வந்துடுச்சு. அது எங்கேர்ந்து வந்துச்சு?”

“இந்தா, அரவம் கேட்டதுன்னு இருக்குல்ல. பாம்பு கேட்டுச்சு. நீ யாருன்னு.”

“அரவம்னா சத்தம் இல்லையா? வாசல்ல சத்தம் கேட்டுச்சு. உள்ள இருக்கறவ பயந்துபோய், யாருன்னு கேக்கறா. நான் அப்படித்தான் கேட்டேன்.”

லிஃப்ட் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். அரவம் என்றால் பாம்பு. அரவம் என்றால் சத்தம். கேட்டது என்றால் வினவியது. கேட்டது என்றால் காதில் விழுந்தது. இரண்டு சொற்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து இத்தனை காலம் ஒன்றும் தெரியாததுபோல் இருந்திருக்கின்றன.

“அட” என்றாள்.

“ஏழு தொகுதியும் இந்தச் சத்தத்திலேர்ந்தா வந்துச்சு?” என்றாள் ஹெட்போன். சிரிக்க ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். “வேணாம்க்கா. நான் எதுவும் சொல்லல. பாம்பாவே படிங்க. அவருக்குத் தெரிஞ்சா நொந்துடுவாரு.”

ஆனால் லிஃப்ட் அக்கா வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பென்சில் பெட்டி மடியில் திறந்திருந்தது. நீலம் தேய்ந்திருந்தது. சிவப்பு பாதிதான் மிச்சம். பச்சை மட்டும் கடையில் வாங்கியபோது சீவிய முனையோடு அப்படியே இருந்தது.

“அவ இந்தப் புத்தகத்துல எங்கயாவது பேசறாளா?” என்றாள்.

“எவ?”

“அவதான். கதாநாயகி.”

இருவரும் பக்கங்களைப் புரட்டினார்கள்.

“படகுக்காரன் பேர் கேக்கறான்ல?” என்றாள் ஹெட்போன்.

“சிரிக்கிறா.”

“கெணத்தடில?”

“தலையாட்டறா.”

“ராஜாகிட்ட? அத்தனை பேர் நடுவுல நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறாங்களே.”

“மோதிரத்தைக் கழட்டிக் கீழ வெச்சுட்டு நடந்துடறா.”

புத்தகம் முழுக்க எல்லோரும் அவளிடம் பேசுகிறார்கள். அவள் பேசவில்லை. அந்த ஒரு வரி அவளுடையதாக இருந்தால் ஒழிய.

அன்று பதிவு அதற்குமேல் ஓடவில்லை. ஏழு தொகுதிக்காரர் மறுநாள் கட்டுரை படிக்க வருகிறார். இந்த அத்தியாயத்தைத்தான் அவர் முதலில் கேட்கப்போகிறார்.

வீட்டுக்கு வந்து அண்ணனுக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, அந்தப் பாம்பு…”

“எந்தப் பாம்பு? வீட்டுக்குள்ள வந்துடுச்சா? அசையாம நில்லு.”

“கதைல வர்ற பாம்பு. சின்ன வயசுல படிப்பியே.”

“அதுவா. ஏன், அதுக்கு என்ன?”

“அது பாம்புன்னு உனக்கு யார் சொன்னது?”

அண்ணன் சற்று யோசித்தான். “அரவம்னா பாம்பு. அந்த வருஷம்தான் பள்ளிக்கூடத்துல படிச்சிருந்தேன். சத்தம்னா அந்த ஆளு சத்தம்னு எழுதவேண்டியதுதானே? இதுக்கா போன் பண்ணே?”

கணவரிடம் காட்டினாள். அவர் பத்தியைப் படித்தார். பல் இடுக்கில் அழுக்கு தேடுவதுபோல் உற்றுப் பார்த்துப் படித்தார்.

“யாரும் இல்லைன்னு போட்டிருக்கே. யாரும்னா ஆளு. பாம்பு ஆளா? பாம்பு இருந்து போயிருந்தா எதுவும் இல்லைன்னுதான் வரணும்.”

“பேசற பாம்பு ஆளாட்டம்தானே?”

“அப்படிப் பாத்தா நீ லிஃப்டுக்குள்ள பேசறே. உள்ள யாரும் இல்லைன்னுதானே ஏறுறாங்க?”

அவர் சொன்னது உதவவில்லை. ஆனால் அதை நினைத்துக்கொண்டே சோறு வடித்தாள்.

இப்படி ஒரு வரியை இதற்குமுன் அவள் பார்த்ததில்லை. அச்சில் அது இரண்டு பக்கமும் சாய்ந்து நிற்கிறது. படிக்கிறவன் எந்தப் பக்கமும் விழலாம், விழுந்ததுகூடத் தெரியாமல் போகலாம். வாயால் சொல்லும்போது அப்படி நிற்க முடியாது. யாருடைய குரல் என்று முடிவு செய்தாக வேண்டும். எழுதியவர் செத்துப்போய்விட்டார். அவர் சொல்லாமல் விட்டதை ஒரு லிஃப்டுக்காரி சொல்ல வேண்டியிருக்கிறது. சீறிவிட்டால் ஏழு தொகுதியும் கையில். சீறாவிட்டால் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஏழு தொகுதிக்காரர் முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி வந்தார். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு பிளாஸ்க். “இந்தக் கட்டடத்துல உங்க லிஃப்ட் இல்லையாம்மா?” என்று மூச்சு வாங்கினார்.

உட்கார்ந்து, முதலில் தன் கட்டுரையைப் படித்தார். கம்பீரமான குரல் இல்லை, ஆனால் விஷயம் இருந்தது. பழைய மாயக்கதைக்காரர்கள் மாயத்தை ஓரத்தில் வைத்தார்கள் என்றார். அடுப்படி, கிணறு, கதவு எல்லாம் நம் வீட்டில் இருப்பதுபோலவே இருக்கும். எங்கோ ஒரு மூலையில் மட்டும் ஒன்று பிசகும். ஏன் என்று சொல்லமாட்டார்கள். புதியவர்களுக்கு அது போதவில்லை. அந்த மூலையிலேயே குடியேறி, வரைபடம் போட்டு, வரி வசூலித்து, போர் நடத்தினார்கள். பழையவர்களிடம் நமக்குப் பயம் கிடைத்தது, புதியவர்களிடம் ஊர் கிடைத்தது என்று ஒரு வரி வந்தது. ‘அவருடைய பாம்பு கேட்டது. நாங்கள் இன்றுவரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறோம்’ என்று முடித்தார்.

ஹெட்போன் லிஃப்ட் அக்காவைப் பார்த்தாள். லிஃப்ட் அக்கா துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

“சார், ஒரு சந்தேகம்” என்றாள். “அரவம்னா சத்தம்னும் ஒரு அர்த்தம் இருக்கு.”

அவர் பிளாஸ்கைத் திறந்தார். மூடியில் ஊற்றினார். ஒரு வாய் குடித்தார்.

“தெரியும்மா.”

“தெரியுமா?”

“மூணாவது தொகுதி எழுதும்போது ஒரு வாசகர் எழுதிக் கேட்டாரு. எடுத்துப் பாத்தேன். ஆமான்னு தோணுச்சு. ஆனா அதுக்குள்ள பாம்பு குட்டி போட்டுடுச்சே. என்ன பண்றது?”

ஹெட்போனுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவரும் சிரித்தார்.

“அப்ப சார், உங்க பாம்பாலதான் அந்தப் பழைய புத்தகத்து அட்டைல பாம்பு வந்துச்சு” என்றாள் ஹெட்போன். “மகன் அப்பனுக்குப் பேர் வெச்ச கதை.”

“எல்லா மகனும் அதைத்தான் பண்றான். எனக்கு முன்னாடி அவரை எத்தனை பேர் படிச்சாங்க? இப்ப எத்தனை பேர் படிக்கறாங்க? எல்லாம் பாம்பைத் தேடிட்டு வர்றவங்க. அவங்க இதைக் கேப்பாங்க. வாசல்ல பாம்பு இல்ல, சும்மா சத்தம்னு சொன்னா எப்படி இருக்கும்? பாம்பாவே படிங்க. தப்பொண்ணும் இல்ல. சொல்லு இடம் கொடுக்குது.”

“‘கேட்டது’க்கு அப்புறம் முற்றுப்புள்ளி இருக்கே சார்.”

“அந்தக் காலத்து அச்சுக்கூடத்துல கைல எந்தப் புள்ளி மாட்டுதோ அதைத்தான் போடுவாங்க.”

லிஃப்ட் அக்கா பென்சில் பெட்டியைத் திறந்து பச்சையை எடுத்து மேசைமேல் வைத்தாள். கோடு போடும் முறையைச் சொன்னாள். இந்தப் பென்சிலுக்குப் புத்தகம் முழுக்க வேலையே இல்லை என்றாள். அந்த வரியைப் பாம்புக்குக் கொடுத்தால் அவள் கடைசிவரை ஊமை.

அவர் பென்சிலைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் அவர் சும்மா எழுத்தாளர் ஆகவில்லை.

“அதுதாம்மா அழகு” என்றார் மெதுவாக. “பாம்பு கேக்குது, நீ யாருன்னு. பதில் வரவில்லைன்னு போடறாரு. யாருக்கு வரல? அவளுக்கு. தான் யாருன்னு அவளுக்கே தெரியல. தெரியற வரைக்கும் வாயைத் தொறக்கமாட்டேன்னு வீட்டை விட்டுப் போறா. படகுக்காரன் கேட்டாலும் பேசல, ராஜா கேட்டாலும் பேசல. புத்தகம் முழுக்க அந்தக் கேள்வியைத்தான் சுமந்துட்டு நடக்கறா. இப்பப் பாருங்க, நீங்க சொன்னதுக்கப்புறம் பாம்பு இன்னும் பெரிசாயிடுச்சு.”

லிஃப்ட் அக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இது நன்றாக இருந்தது. தான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதோ என்றுகூட இருந்தது.

“உனக்கு எது?” என்று ஹெட்போனைக் கேட்டாள்.

“எனக்குப் பாம்புதான் வேணும்க்கா. நான்தான் சத்தம்னு சொன்னேன், ஆனா வேணுங்கறது பாம்பு. பத்து வயசிலேர்ந்து என்கிட்ட அது எப்பக் கேக்கும்னு காத்துட்டிருக்கேன்.”

“ரெண்டு மாதிரியும் எடுத்துடுங்க” என்றார் அவர். “கேட்டுப் பாக்கலாம். ஆனா முன்னாடியே சொல்லிடறேம்மா, ஏழு தொகுதிக்கும் எனக்குப் பாம்பை நம்பற குரல் வேணும்.”

லிஃப்ட் அக்கா உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது. குளிர்சாதனம் நின்றது. முதலில் பாம்பு. ஒரே முறையில் சரியாக வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவது தெரிந்தது.

பிறகு மற்றது. ‘விளக்கை அணைத்தாள். வாசலில் அரவம் கேட்டது.’ அங்கே நின்றாள். பச்சைக்கு ஒரு குரல் அவள் தயார் செய்திருக்கவில்லை, தேவைப்படாததால். தொண்டையில் எதுவும் இல்லை. வெறும் இருட்டில் ஒருத்தி படுத்திருக்கிறாள், வெளியே ஏதோ நகர்கிறது. கேட்காமல் இருந்தால் அது போய்விடக்கூடும். கேட்டால் பதில் வந்துவிடக்கூடும்.

“நீ யார்?”

வந்தது சின்னக் குரல். நடுவில் சற்று உடைந்தது. அதை அறிவிப்பு என்று யாரும் சொல்லமுடியாது.

ஹெட்போன் இரண்டையும் போட்டுக்காட்டினாள். பாம்பைக் கேட்டபோது லிஃப்ட் அக்காவுக்கு அண்ணன் குரல்தான் கேட்டது, கதவுக்கு அந்தப் பக்கம். அச்சு அசலாக அதே சீறல். இரண்டாவதைக் கேட்டுவிட்டு, “இது நான் பேசினதுதானா?” என்றாள். இன்னொரு முறை போடச்சொன்னாள்.

“சொல்லுங்கம்மா” என்றார் அவர்.

“நீங்க சொன்னது ரொம்ப நல்லா இருக்கு சார். உங்க புத்தகம்னா நான் பாம்பாத்தான் படிப்பேன், சத்தியமா. ஆனா இதுல முடியல. ஒரு புத்தகம் முழுக்க நடக்கறவ. அவளுக்கு இருக்கறது ஒரு வரி. அதையும் பாம்புகிட்டக் கொடுக்க எனக்கு மனசு வரல.”

“கொடுத்தது நீங்க இல்லம்மா. நாங்க எப்பவோ கொடுத்துட்டோம்.”

“அப்பத் திருப்பி வாங்கிக்கறேன்.”

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு துடுக்காக இருந்தது என்று அவளுக்கு உறைத்தது. ஹெட்போன் மேசையின் கீழே அவள் காலை மிதித்தாள். அவர் கோபப்படவில்லை. பிளாஸ்க் மூடியை வெகுநேரம் திருகினார்.

“பழசு உங்க மாதிரியே இருக்கட்டும். அந்த ரெண்டாவதை என்னால வேண்டாம்னு சொல்லமுடியல. ஆனா ஏழுக்கு வேற குரல் பாத்துக்கறேன். ஒரே குரல் இங்க சத்தம்னும் அங்க பாம்புன்னும் சொன்னாக் கேக்கறவன் குழம்பிடுவான். தப்பா நெனச்சுக்காதீங்க.”

“இல்ல சார்.”

“வருத்தமா?”

“இருக்கு.”

“எனக்கும்தான். உங்க பாம்பு அருமையா இருந்துச்சு.”

எழுந்தவர் வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். தன் கட்டுரையின் கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை எடுக்க முடியுமா என்று ஹெட்போனைக் கேட்டார். மைக்குக்கு முன்னால் காகிதம் இல்லாமல் உட்கார்ந்தார். சற்று யோசித்தார்.

“அவர் ஒரு சத்தத்தை எழுதினார்” என்றார். “எனக்கு அது பாம்பாகக் கேட்டது.”

அவ்வளவுதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.

“ஏழு தொகுதி, அக்கா” என்றாள் ஹெட்போன். “ஏழு. ஒரு சின்ன சீறல் சீறிட்டுப் போயிருக்கலாம்ல?”

“அந்த முதல் தொகுதியை எனக்குக் கொடு. படிச்சுப் பாக்கறேன். அப்படி என்னதான் கேக்குது அந்தப் பாம்பு?”

“கதையைச் சொல்லமாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோங்க.”

பிஸ்கட் தின்றுவிட்டு இரண்டாவது அத்தியாயத்தைத் தொடங்கினார்கள். ஆற்றங்கரை. படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டு, உன் பேர் என்னம்மா என்று கேட்கிறான். அடுத்த வரி, ‘அவள் சிரித்தாள்.’ முன்பு ஒத்திகையில் லிஃப்ட் அக்கா அந்த இடத்தைத் தாண்டி நேராக அக்கரைக்குப் போயிருக்கிறாள். இப்போது அந்தச் சிரிப்புக்கு முன்னால் நின்றாள். பேசத் தெரிந்த ஒருத்தி பேசாமல் இருக்கும் நேரம் எவ்வளவோ அவ்வளவு நேரம் நின்றாள். பிறகு படித்தாள்.

ஹெட்போன் கையைத் தூக்கினாள்.

“என்ன, தப்பா?”

“தப்பு இல்லக்கா. நேத்து வரைக்கும் இவ பேசலைங்கறதே எனக்குத் தெரியல. இப்பத் தெரியுது.” ஹெட்போன் திரையைப் பார்த்தாள். “ஆனா அந்த எடத்துல கொஞ்சம் கம்மியா நிறுத்துங்க. கேக்கறவங்க மெஷின் நின்னுடுச்சுன்னு நெனச்சுடுவாங்க.”

லிஃப்ட் அக்கா ஒரு வாய் வெந்நீர் குடித்தாள். படகுக்காரனின் கேள்விக்குத் திரும்பினாள். கேட்டாள். கொஞ்சம் கம்மியாக நிறுத்தினாள்.